பெர்க்ல ஸ்னோ பாக்கணும்: குட்டி ப்ளேனா, ஹெலிகாப்டரா, சானி பாஸ் ஜீப்பா?

ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறப்போ எங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல நல்ல குளிர்காலம், அதே வாரங்கள்லதான் பெர்க்னு நாங்க சுருக்கமாச் சொல்ற ட்ராக்கன்ஸ்பெர்க் மலையில ஸ்னோவும் விழும். அதனால கோவில் பந்தல்ல கூழ் கிண்டிக்கிட்டே எல்லாரும் பேசுறது இதத்தான், இந்த வாட்டி பெர்க்குக்கு யார் போறீங்க, எப்படிப் போறீங்கன்னு. போன வருஷத்துல இருந்து என்கிட்ட மட்டும் அஞ்சாறு குடும்பம் கேட்டுட்டாங்க, "நீங்க ப்ளேன்லயும் போயிருக்கீங்க, ஹெலிகாப்டர்லயும் போயிருக்கீங்க, ஜீப்புலயும் போயிருக்கீங்க, ஆயா, தாத்தா, பசங்க, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போகணும்னா எது சரி?"ன்னு. ஒருத்தருக்குச் சொன்ன பதில் இன்னொருத்தருக்குப் பொருந்தல, அதனால உக்காந்து முழுசா எழுதுறேன்.

எதை வச்சு முடிவு பண்றது

முதல் கேள்வி, ஸ்னோவைப் பாக்கணுமா தொடணுமா. இத வீட்டுல எல்லார்கிட்டயும் தனித்தனியா கேளுங்க, ஏன்னா பெரியவங்க பாக்கணும்னு சொல்வாங்க, பசங்க உருண்டை புடிச்சு எறியணும்னு சொல்வாங்க, ரெண்டும் ஒரே பயணத்துல கிடைக்கிறது கஷ்டம்.

ரெண்டாவது, யார் யார் வர்றாங்க. வயசு, முட்டி வலி, ப்ரெஷர், சுகர், அடிக்கடி பாத்ரூம் போகணுமா, எடை எவ்வளவு. எடையைக் கேக்குறது நம்ம ஆளுங்களுக்குக் கூச்சமா இருக்கும், ஆனா குட்டி ப்ளேனுக்கு அதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும்.

மூணாவது, தேதியை நகத்த முடியுமா. நாலாவது, விளம்பரத்துல போட்ட விலை இல்ல, வீட்டுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் ஆகுற மொத்தச் செலவு. அஞ்சாவது, எல்லாரும் ஒண்ணா இருக்கணுமா, பிரிஞ்சு போனா பரவாயில்லையா. கடைசியா, ஓட்டுறவர்கிட்ட சரியான லைசன்ஸ் இருக்கா.

இதுல மூணாவதுதான் பெருசுன்னு நான் நினைக்கிறேன், ஏன்னு அடுத்து சொல்றேன்.

ஸ்னோ எப்ப வரும், எத்தனை நாள் நிக்கும்

ரெண்டு வருஷம் முன்னாடி நாங்க பண்ண தப்பு இதுதான். ஜூலை லீவுல ஒரு சனிக்கிழமையை ரெண்டு மாசம் முன்னாடியே புக் பண்ணி அட்வான்ஸும் கட்டிட்டோம், போய்ப் பாத்தா மலை முழுக்கக் காய்ஞ்ச புல்லு, பழுப்பு நிறம், ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. வானம் தெளிவா இருந்ததால கம்பெனிக்காரங்க பறக்கத் தயாரா நின்னாங்க, ஸ்னோ இல்லங்கறது காசு திருப்பித் தர்ற காரணம் இல்லன்னு ரசீதுல எழுதியிருந்தத அப்புறம்தான் படிச்சோம். பறந்தோம், மலை அழகுதான், ஆனா ஆயா இறங்கி வந்து "ஸ்னோ எங்கப்பா?"ன்னு கேட்டது இன்னும் மனசுல நிக்குது.

பெர்க்ல ஸ்னோ ஸ்விட்சர்லாந்து மாதிரி சீசன் முழுக்கக் கிடக்குறது இல்ல. கேப் டவுன் பக்கத்துல இருந்து கோல்ட் ஃப்ரண்ட் ஒண்ணு, அதாவது குளிர்ந்த காத்து மொத்தமா, மேல ஏறி வரும். அது வர்றதுக்கு முன்னாடி பெர்க் விண்ட் அடிக்கும், மலைக்கு அந்தப் பக்கம் இருந்து காத்து கீழ இறங்கி இறங்கிச் சூடாகி கடற்கரைக்கு வரும், அதனாலதான் ஜூலைல கூட திடீர்னு ஒரு நாள் டர்பன்ல 30 டிகிரி அடிக்குது. அப்படிச் சூடு அடிச்சு, மறுநாள் காத்து தென்மேற்குக்குத் திரும்பி, மழை கொட்டி, வீட்டுல எல்லாரும் ஸ்வெட்டர் தேட ஆரம்பிச்சா, மேல ஸ்னோ விழுந்திருக்கான்னு பாக்க ஆரம்பிக்கலாம். விழுந்ததும் கீழ்ச் சரிவுல இருக்கிறது சில நாள்ல உருகிடும். நம்ம தெற்குப் பாதியில தெக்குப் பாத்த சரிவுதான் வெயில் படாத சரிவு, அங்க இருக்கிற மடிப்புகள்ல மட்டும் கொஞ்ச நாள் கூட நிக்கும்.

ஃப்ரண்ட் வர்ற அன்னைக்கோ மறுநாளோ போகக்கூடாது. 2024 செப்டம்பர் 20, 21ல விழுந்த ஸ்னோவுல வான் ரீனன்ஸ் பாஸ்ங்கிற மலைக் கணவாய் பக்கம், டர்பன்ல இருந்து ஜோஹன்னஸ்பர்க் போற என்3 ரோடே மூடி, ஜனங்க ராத்திரி முழுக்கக் கார்லயே மாட்டிக்கிட்டாங்க, உயிர்ச்சேதமும் ஆச்சு. வானத்துலயும் அதே கதைதான், ஃப்ரண்டுக்குப் பின்னாடி வர்ற காத்து மலை உச்சியத் தாண்டி நம்ம குவாசுலு நட்டால் மாகாணத்துப் பக்கம் இறங்குறப்போ சுழல் போடும், அந்தச் சுழலுக்குள்ள குட்டி ப்ளேன் போனா தூக்கித் தூக்கிப் போடும். உச்சியில காத்தோட வேகம் 20, 25 நாட் (knot, மணிக்கு ஏறக்குறைய 37, 46 கிலோமீட்டர்) தாண்டினா நல்ல பைலட் கிளம்பவே மாட்டார். ரெண்டாவது, மூணாவது நாள் காலையில காத்து அடங்கி வானம் நீலமா நிக்கும், அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் நமக்கு வாய்க்கிற நேரம். அதனால ப்ளேனையோ ஜீப்பையோ முதல்ல புடிக்காதீங்க, ஒரு பத்து நாள் இடைவெளியப் புடிச்சு வச்சுக்கிட்டு, அதுக்குள்ள எந்த நாள்ல வேணும்னாலும் வர்றேன்னு ஒத்துக்கிற ஆளைத் தேடுங்க. ஆபீஸ்ல லீவ் அப்படிக் கிடைக்காதவங்க ஸ்னோ நம்பிக்கைய விட்டுட்டு மலைக்காகப் போங்க.

குட்டி ப்ளேன்

டர்பன் நார்த்ல கடலோரமா இருக்கிற வர்ஜீனியா ஏர்போர்ட்ல இருந்தோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்தோ செஸ்னா மாதிரி ப்ளேன்ல போறது. இத எல்லாரும் "ஃப்ளிப்"னு சொல்வாங்க.

இதோட பெரிய சிறப்பு, முழு மலைத்தொடரும் ஒரே பார்வையில கிடைக்கும். ஜூலு மொழியில உக்காஹ்லாம்பா, ஈட்டிகளாலான வேலின்னு அர்த்தம், அந்தப் பேர் ஏன் வச்சாங்கன்னு தரையில நின்னா பாதிதான் புரியும். தெக்க ஜயன்ட்ஸ் காசில் 3,315 மீட்டர், அப்புறம் சாம்பெயின் காசில் 3,377 மீட்டர், அதுக்கு முன்னாடி தனியா நிக்கிற காத்கின் பீக், வடக்க ஆம்ஃபிதியேட்டர் சுவரும் அதுல இருந்து 948 மீட்டர் படிப்படியா விழுற டுகேலா அருவியும். ஒரே வரிசையில வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறதப் பாத்தப்போ எங்க மாமா, எப்பவும் வாய் ஓயாதவரு, இருபது நிமிஷம் ஒரு வார்த்தை பேசல.

இப்ப கணக்குக்கு வருவோம். வர்ஜீனியால இருந்து சாம்பெயின் காசில் நேர்க்கோட்டுல ஏறக்குறைய 180 கிலோமீட்டர். செஸ்னா 172 மணிக்கு 200 கிலோமீட்டரும் சொச்சமும் போகும், அப்ப போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம், நடுவுல மலையப் பாக்குறது அரை மணி. வாடகை மணிக்கணக்குல, ப்ளேன் ஓடுற ஒவ்வொரு நிமிஷத்துக்கும், அதனால நீங்க குடுக்குற காசுல பெரும்பங்கு கரும்புத் தோட்டத்தையும் மிட்லண்ட்ஸ் மாட்டுப் பண்ணையையும் பாக்குறதுக்குப் போகுது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து கிளம்பினா ஏறக்குறைய 120 கிலோமீட்டர்தான், கார்ல அதுவரைக்கும் போய் ஏறுறதுதான் புத்திசாலித்தனம்.

எடை விஷயம். 172ல நாலு சீட் இருக்கு, பைலட் போக மூணு பேர்னு நினைப்போம். 172எஸ் மாடல் மொத்தமா 1,157 கிலோ தாண்டக்கூடாது, காலி ப்ளேனே 750 கிலோவுக்கு மேல, ஃபுல் டேங்க் பெட்ரோல் 150 கிலோ, மிச்சம் 240 கிலோ மாதிரிதான் நிக்கும், அதுக்குள்ள பைலட்டும் நீங்களும் உங்க பையும் அடங்கணும். நம்ம வீட்டுப் பெரியப்பா ரெண்டு பேர் ஏறினாலே கணக்கு முடிஞ்சுது. பொய் எடை சொல்லாதீங்க, தயவு செஞ்சு, உயரத்துல காத்து மெலிசா இருக்கும், டர்போ இல்லாத எஞ்சின் 10,000 அடியில தரையில தர்ற சக்தியில முக்கால்வாசிக்கும் கம்மியாதான் தரும், அங்க பத்து கிலோ கூடினாலும் ஏறுற வேகத்துல தெரியும். அஞ்சாறு பேர்னா 206 மாதிரி ஆறு சீட் ப்ளேன் கேளுங்க, வாடகை கூட, ஆனா ரெண்டு 172 எடுக்கறதோட ஒப்பிட்டுப் பாருங்க.

றெக்கை மேல இருக்கிற ப்ளேனா கீழ இருக்கிற ப்ளேனான்னும் கேளுங்க. செஸ்னாவுக்கு மேல, கீழ பாக்க மறைப்பு இல்ல. பைப்பர் செரோக்கி மாதிரி கீழ றெக்கை இருந்தா நீங்க எடுக்குற ஃபோட்டோ பாதி றெக்கைதான்.

பாத்ரூம் கிடையாது. ரெண்டரை மணி நேரம் பாத்ரூம் இல்லாம ஆயாவால இருக்க முடியுமான்னு யோசிங்க, ப்ரெஷருக்குத் தண்ணி மாத்திரை (அடிக்கடி ஒண்ணுக்குப் போக வைக்கிற மாத்திரை) போடுறவங்களுக்கு இது ரொம்பக் கஷ்டம். எங்க ஆயாவை நாங்க ப்ளேன்ல ரெண்டாவது தடவை கூட்டிப் போகாததுக்குக் காரணமே இதுதான்.

நல்லா நடமாடுற பெரியவங்க ரெண்டு மூணு பேர், மலையோட முழு உருவத்தையும் பாக்கணும்னு ஆசை, அவங்களுக்கு இது மாதிரி வேற இல்ல.

மலையடிவாரத்துல ஹெலிகாப்டர்

சென்ட்ரல் பெர்க்ல ரிசார்ட் பக்கம் ஹெலிகாப்டர் ஃப்ளிப் உண்டு. டர்பன்ல இருந்து அங்க கார்ல மூணு மணி நேரம், பறக்குறது கொஞ்ச நேரம்தான், ஆனா தரையை விட்டு எழும்பின நிமிஷமே மலை முன்னாடி நிக்கும், பண்ணைக்குக் காசு குடுக்க வேண்டாம்.

ஒரு நிமிஷத்துக்கு ஆகுற செலவு ப்ளேனை விட நிறைய கூட. ஆனா இங்க விலை தலைக்கு இவ்வளவுன்னு சொல்வாங்க, மொத்தத்தைக் கூட்டிப் பாத்தா டர்பன்ல இருந்து ப்ளேன் எடுக்கறதுக்கும் இதுக்கும் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் வரல. மறைஞ்ச செலவு ராத்திரி தங்குறது, ஏன்னா காலைல பறக்கணும்னா முன்னாடி நாளே போகணும். மலையோட முகம் கிழக்கும் வடகிழக்கும் பாத்தது, காலை வெயில் நேரா அதுமேல விழும், மத்தியானத்துக்கு மேல மலை தன் நிழலுக்குள்ள போயிடும், மேகமும் கூடும். காலைல காத்தும் அமைதி.

ராபின்சன் ஆர்44னா பைலட் போக மூணு பேர், அப்ப ஒன்பது பேர் குடும்பத்துக்கு மூணு தடவை ஏறி இறங்கணும், சிலர் கீழ காத்துக்கிட்டு இருப்பாங்க. யார் யாரோட போறதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, ஹெலிபேட்ல நின்னுக்கிட்டு அக்காவும் அத்தையும் வாக்குவாதம் பண்ணுனா எல்லாருக்கும் மனசு கெடும். ஏறுற படி உயரம், முட்டி வலிக்கிறவங்களுக்கு ஒரு ஸ்டூல் கேட்டா வைப்பாங்க.

ஆயாவை நாங்க இதுலதான் கூட்டிப் போனோம், ஃப்ரண்ட் கடந்து மூணாவது நாள். முன் சீட்ல உக்கார வச்சாங்க. காலுக்குக் கீழ கண்ணாடி வழியா வெள்ளை தெரிஞ்சதும் கையக் கூப்புனவங்க, இறங்குற வரைக்கும் எடுக்கல.

ப்ளேனுக்கும் ஹெலிகாப்டருக்கும் பொதுவா ஒரு விஷயம். இந்த ட்ராக்கன்ஸ்பெர்க் மலைப் பார்க் 2000ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தது, உலகப் பாரம்பரிய இடத்துக்கு மேல அனுமதி இல்லாம 2,500 அடிக்குக் கீழ பறக்கக்கூடாதுன்னு சட்டம். தாடிக் கழுகுங்க குளிர்காலத்துலதான் இந்தப் பாறையில முட்டை வச்சு அடைகாக்கும், எண்ணிக்கையில ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. "இன்னும் கிட்டப் போங்க"ன்னு பைலட்ட நச்சரிக்காதீங்க, கிட்டப் போறேன்னு தானாச் சொல்ற பைலட்ட நம்பாதீங்க.

சானி பாஸ் ஜீப்

ஸ்னோவைத் தொடணும்னா இதுதான், வேற பேச்சே இல்ல. அண்டர்பெர்க், ஹிம்வில் வரைக்கும் கார்ல போய், அங்க இருந்து ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரமும் இழுக்குற) வண்டியில டிரைவரோட சானி பாஸ்ங்கிற மலைக் கணவாய்ல ஏறுறது. உச்சி 2,876 மீட்டர், அங்க இருந்து லெசோத்தோ நாடு. கம்பளி போத்தின ஆட்டுக்காரங்க, வட்டக் கல் குடிசை, ஆப்பிரிக்காவிலேயே உயரமான பப்னு சொல்லிக்கிற ஒரு இடம், எல்லாம் பாக்கலாம். பசங்க ஸ்னோவுல புரண்டு எழுந்திருக்கிற சந்தோஷத்த எந்த ஜன்னலும் குடுக்காது.

பத்துப் பதினொரு பேர் போனாலும் ரெண்டு வண்டியில முடிஞ்சுடும், தலைக்குச் செலவு மூணுலயும் இதுதான் கம்மி. ஆனா இது வேற நாடு. எல்லாருக்கும் பாஸ்போர்ட் வேணும், பசங்களுக்குப் பர்த் சர்டிஃபிகேட்டும் கையில வச்சுக்கோங்க, அக்கா பசங்களை நீங்க கூட்டிப் போறதா இருந்தா அக்கா அத்தானோட எழுத்து அனுமதியும். பாஸ்போர்ட் முடிஞ்சு போனவங்க வீட்டுல ரெண்டு பேராவது இருப்பாங்க, புதுசு எடுக்குற செலவும் நேரமும் யாரும் கணக்குல சேக்குறது இல்ல. பார்டர் சாயங்காலம் 6 மணிக்கு மூடிடும். சொந்த பேக்கி (பிக்கப் வண்டி) எடுத்துட்டுப் போறேன்னு கிளம்பினா, ஃபோர் பை ஃபோர் இல்லன்னா கீழயே திருப்பி அனுப்பிடுவாங்க. ரோட்டுல ஐஸ் கட்டினா பாஸே மூடிடும், ஸ்னோ நிறைய விழுந்த அன்னைக்கே ஸ்னோ பாக்க வழி இல்லாமப் போகும்.

முதுகு வலி, இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க, கர்ப்பிணிப் பொண்ணுங்க, இவங்களை இதுல ஏத்தாதீங்க. கொண்டை ஊசி வளைவுல குலுக்குற குலுக்கு அரை மணி நேரம் இல்ல, போக வர மணிக்கணக்கு. உயரத்துல சிலருக்கு லேசாத் தலைவலி வரும், கீழ இறங்கினா பெரும்பாலும் சரியாயிடும்.

மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா:

| | குட்டி ப்ளேன் | ஹெலிகாப்டர் | சானி பாஸ் ஜீப் |
|---|---|---|---|
| ஒரு தடவைக்கு | 2, 3 பேர் (பெரிய ப்ளேன்னா 5) | பெரும்பாலும் 3 பேர் | முழுக் குடும்பம், ரெண்டு வண்டி |
| ஸ்னோ | மேல இருந்து, முழுத் தொடரும் | கிட்டத்துல, ஒரு பகுதி | கையால தொடலாம் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | போக வர பறக்குற நேரம் | ராத்திரி தங்குறது | பாஸ்போர்ட், ஒரு நாள் முழுக்க |
| எது நிறுத்தும் | காத்து, மேகம், எடை | காத்து, மேகம் | ஐஸ், பார்டர் நேரம் |
| ஆயா தாத்தாவுக்கு | பாத்ரூம் கஷ்டம் | நல்லது | குலுக்கல் கஷ்டம் |

ஃப்ரெண்டுகிட்ட லைசன்ஸ் இருக்குன்னு சொன்னா

இதப் பத்தியும் நிறைய பேர் கேக்குறாங்க. தெரிஞ்ச பையன் பிரைவேட் பைலட் லைசன்ஸ் வச்சிருக்கான், கம்மியா முடிச்சுத் தர்றேங்கறான்னு. பிரைவேட் லைசன்ஸ் வச்சிருக்கிறவர் கூலி வாங்கிக்கிட்டு ஆள் ஏத்தக்கூடாது, அதுக்கு கமர்ஷியல் லைசன்ஸும் சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டி குடுத்த ஏர் ஆபரேட்டர் சர்டிஃபிகேட்டும் வேணும். அந்தப் பையன் நல்லவனா இருக்கலாம், ஆனா மலைக்குப் பக்கத்துல எத்தனை தடவை ஓட்டியிருக்கான்னு கேளுங்க, கடற்கரையோரம் ஓட்டுறதும் பெர்க்குக்கு முன்னாடி ஓட்டுறதும் ஒண்ணு இல்ல. உங்க லைஃப் இன்ஷூரன்ஸ் பேப்பரையும் எடுத்துப் பாருங்க, பிரைவேட் ப்ளேன்ல போனா பொருந்தாதுன்னு சில பாலிசியில இருக்கும். குழந்தைங்களோட நான் இந்த வழியில போக மாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.

இந்தியா போறப்போ நேபாளம்

ஊர்ல குலதெய்வம் கோவிலுக்கு, கல்யாணத்துக்குன்னு இந்தியா போறவங்க காட்மாண்டுல இருந்து மவுண்டன் ஃப்ளைட் போலாமான்னு கேக்குறாங்க. ஸ்னோ கட்டாயம் வேணும்னா அதுதான், 8,848 மீட்டர் எவரெஸ்ட்ல ஸ்னோ இல்லாத நாள் கிடையாது. ஏறக்குறைய ஒரு மணி நேரம், விடியக்காலம், ஜன்னல் சீட் மட்டும்தான் விப்பாங்க. ஆனா அது குட்டி ப்ளேன் இல்ல, நிறைய பேரோட போற சாதாரண பயணிகள் ப்ளேன், பைலட் தோளுக்குப் பின்னாடி உக்காந்து கேள்வி கேக்குற சுகம் கிடையாது, ஆளுக்கு ஒரு ஜன்னல்ங்கறதால குடும்பம் வரிசை வரிசையா தள்ளித் தள்ளி உக்காரும். பொக்காராவுல அல்ட்ராலைட் இருக்கு, அதுல பைலட்டோட ஒரே ஒரு ஆள்தான். ஏற்கனவே அந்தப் பக்கம் போறவங்க சேத்துக்கோங்க, இதுக்காக மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

எந்த வழியா இருந்தாலும்

டர்பனுக்குத் தெக்க கடலுக்குள்ள இருக்கிற அலிவால் ஷோல் பாறைத் திட்டுல டைவிங் பண்ணிட்டு மறுநாள் பெர்க் போற பசங்க நம்ம பக்கம் நிறைய. டைவ் முடிஞ்சு 18 மணி நேரமாவது, 24 ஆனா இன்னும் நல்லது, ப்ளேனும் வேண்டாம் சானி பாஸும் வேண்டாம், உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் குமிழியா வெளிய வரும், உயிருக்கே ஆபத்து. பறக்குற அன்னைக்குக் காலைல ரெண்டு இட்லி போதும், பீன்ஸ் கறி ரொட்டிய இறங்கினதுக்கு அப்புறம் வச்சுக்கலாம். கைக்குழந்தைக்கு இறங்குறப்போ பால் குடுத்தா காது வலிக்காது. கூலிங் கிளாஸ் கட்டாயம், ஸ்னோ மேல படுற வெயில் கண்ணக் கூசும். கறுப்புச் சட்டை போட்டா ஜன்னல்ல பிரதிபலிப்பு விழாது, வெள்ளைச் சட்டை போட்டவங்க ஃபோட்டோ எல்லாத்துலயும் அவங்க சட்டைதான் இருக்கும்.

இந்த ஆகஸ்ட்டுக்கு நாங்க பண்ணப் போறது இப்படி. கூழ் ஊத்தி முடிஞ்ச மறுநாள்ல இருந்து பத்து நாள் காலியா வச்சிருக்கோம். மலையடிவாரத்துல ரத்து பண்ணா காசு வாங்காத ஒரு வீட்டப் புடிச்சாச்சு. ஆயாவும் பெரிமாவும் மறுபடி ஹெலிகாப்டர், அதுக்கு மறுநாள் பசங்களும் நாங்களும் விடியக்காலம் கிளம்பி சானி பாஸ். மாமாவும் அவரோட ஃப்ரெண்ட் ரெண்டு பேரும் மட்டும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து ப்ளேன் கேட்டிருக்காங்க, மூணு பேரும் எடை பாத்துச் சொல்லியாச்சு, பெட்ரோல் கொஞ்சம் குறைச்சுப் போட்டா போகலாம்னு பைலட் சொல்லியிருக்காரு. அக்கா பையனோட பாஸ்போர்ட் மட்டும் இன்னும் வரல.